மெத்தை கடைசியில்

பியூலாவுக்குத் தருமபுரிக்கு மாறுதல் வந்து
இருபத்திரண்டு நாளாகிறது.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்தவர்கள்
ரவை லட்டும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தனுப்பினார்கள்.
எங்களிடம் ஏற்கெனவே மூன்று கடிகாரம்.
நான்கையும் ஒரே பெட்டியில் வைத்து ஒட்டினேன்,
பேட்டரியைக் கழற்ற மறந்து.
இருட்டில் அந்தப் பெட்டி
இரவெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

பகலில் நான் கட்டுகிறேன்,
ஆசேர் பிரிக்கிறான்.
ஒன்றே முக்கால் வயது.
டம்ளரைத் தாளில் சுற்றி நான் இறக்கி வைக்க
எடுத்து உரித்து
உள்ளே டம்ளர் இருப்பதைக் கண்டு
வாய் பிளக்கிறான்.
பதினாறு டம்ளர். பதினாறு தடவையும் அதே வாய்.

ஆனிக்காற்று வேறு.
சன்னலைத் திறந்தால் தாளெல்லாம் எழும்பி
சமாதானபுரம் வரைக்கும் போகப் பார்க்கிறது,
இருப்பதே சமாதானபுரத்தில்தான் என்று தெரியாமல்.
சாத்தினால் வேர்வை.

அவனுக்குத் தெரிந்த சொல் பதினொன்று.
அதிகம் உழைப்பது 'இல்ல.'
பால் தீர்ந்தால் இல்ல.
காக்கா எழும்பிப் போனால் இல்ல.
அம்மா டூட்டிக்குக் கிளம்பினால்
கதவைக் காட்டி, மூக்கொழுக, இல்ல.
இப்போது காலியான அலமாரி முன் நின்று
இரண்டு கையும் விரித்துச் சொல்கிறான்,
வேலையை முடித்துவிட்டவனைப்போல.

வீட்டுக்கார அண்ணாச்சி அட்வான்ஸ் கணக்குக்கு வந்தார்.
கூடத்திலிருந்து அடுப்படி வரை
என் முழங்கால் உயரத்தில்
ஒரு நீலக் கோடு,
கதவு வந்த இடத்தில் மட்டும் அறுந்து, பிறகு தொடர்ந்து.
"பெயிண்டுக்கு மூவாயிரம் பிடிச்சிக்கிடுதேன்."
பற்பசை போட்டால் போகும் என்று யாரோ சொல்லி
முந்தின நாள் பியூலா தேய்த்திருந்தாள்.
நீலம் வெளிர்நீலமாகியிருந்தது.
அண்ணாச்சி குனிந்தார்,
முகர்ந்து பார்த்தார்,
"சரி, ரெண்டாயிரத்தஞ்நூறு."

டைல்ஸ் கடை வேலையை நான் விட்டுவிட்டதை
கடைக்காரர் விசாரித்தார், மச்சினன் விசாரித்தான்,
சர்ச்சில் முன்பெஞ்சுக்காரர் திரும்பி உட்கார்ந்து விசாரித்தார்.
நேற்று ராத்திரி, சாமான்களுக்கு நடுவில்
கால் நீட்ட இடமில்லாமல் படுத்துக்கொண்டு
பியூலாவும் கேட்டாள்,
இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக:
"அங்க போயி நீங்க என்ன செய்வீங்க?"
"பிரிப்பேன்" என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
அவள் கைநீட்டி
என் முழங்கையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தாள்.
முடியோடு வந்தது.

லாரி ஒன்பது மணி என்றார்கள்,
பதினொன்றரைக்கு வந்தது.
பதினொன்றேகாலுக்கு அவன் உறங்கிவிட்டான்,
கடைசியில் ஏற்றலாம் என்று விட்டிருந்த மெத்தையின்
நட்ட நடுவில்,
நான்கு திசைக்கும் கை கால் எறிந்து.

பீரோ போனது. கட்டில் போனது.
கடிகாரப் பெட்டி போனது, சத்தத்தோடு.
வாசிங் மெசினை 'சவம், என்னா கனம்' என்று
வைதுகொண்டே இறக்கிய பூல்பாண்டி
அறைக்குள் வந்ததும் கிசுகிசுத்தார்:
"ஒறங்குதானா?"
"அரைமணி நேரத்துல எந்திச்சிருவான் அண்ணாச்சி."
கீழே டிரைவர் ஆரன் அடித்தார்.
இவர் சன்னலில் எட்டி
விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

டீ வந்தது, குடித்தாயிற்று.
டம்ளரெல்லாம் பெட்டிக்குள் என்பதால்
பாத்ரூம் மக்கில் பியூலா குடித்தாள்.
பிறகு நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
"நாலு மூலயப் பிடிச்சா
அப்பிடியே எறக்கிறலாம்லா."

நான் வேண்டாம் என்பதற்குள்
மெத்தை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.
"பையடே... வலது பக்கம் தாழ்த்து... பைய."
படியில் நான் முன்னால், பின்பக்கமாக இறங்க,
பின்னால் பியூலா
கையில் அவன் ஒற்றைச் செருப்போடு.

ஏழாவது படியில் கண்ணைத் திறந்தான்.
அழவில்லை.
மேலே வானம் தானாக நகர்வதையும்
நான்கு மூலையில் நான்கு மீசையையும்
பார்த்துக்கொண்டே வந்தான்.
தரையில் வைத்ததும் எழுந்து உட்கார்ந்து,
பூல்பாண்டியின் துண்டைப் பிடித்து இழுத்து,
மாடியைக் காட்டி,
பன்னிரண்டாவது சொல்லைச் சொன்னான்:

"இன்னொக்கா."

டிரைவர் மணி பார்த்தார்.
பூல்பாண்டி என்னைப் பார்த்தார்.
துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு
குனிந்து தன் மூலையைப் பிடித்தார்.